வால்வ் கவருக்கு வீட்டிலேயே ரிங்கிள் பெயின்ட்: முதல்முறை செய்பவர்களுக்கு

என்னுடையது 2000 மாடல் அக்யுரா இன்டெக்ரா டைப் ஆர். பானெட்டைத் தூக்கியதும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சிவப்பு நிறச் சொரசொரப்பான வால்வ் கவர்தான், அதாவது எஞ்சினின் மேல்மூடி. அதில் இருப்பது ரிங்கிள் பெயின்ட், காயும்போது சுருக்கம் சுருக்கமாக விழும் பெயின்ட். இருபது வருடச் சூட்டிலும் எண்ணெயிலும் என் காரின் கவர் வெளிறி, ஓரங்களில் செதில் செதிலாக உரிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்று முயற்சி, இரண்டு கவர், கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆனது. முதல் முயற்சியில் பாதி இடத்தில் சுருக்கமே விழவில்லை. இரண்டாவதில் அழகாக வந்த பெயின்ட் மூன்றாவது வாரம் உரிந்தது. மூன்றாவது முறை அடித்தது இன்றுவரை நிற்கிறது.

நான் இருப்பது டொராண்டோ பக்கம். விலைகளைக் கனடிய டாலரில் சொல்கிறேன். உங்கள் கார் வேறாக இருக்கலாம். ஆனால் உலோகக் கவர், அதன் மேல் சுருக்கப் பெயின்ட் என்றால் வேலை பெரும்பாலும் இதேதான். பிளாஸ்டிக் கவராக இருந்தால் இந்த முறையைக் கையாளாதீர்கள். இதில் வரும் சூட்டை அது தாங்காது.

1. முதலில் இன்னொரு கவர் வாங்குங்கள்

காரில் இருப்பதைக் கழற்றி வேலையை ஆரம்பித்தால், முடியும் வரை கார் ஓடாது. அந்த அவசரத்தில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது. பழைய உதிரிபாகம் விற்பவர்களிடம் அதே எஞ்சினுக்கான கவர் ஒன்றைத் தேடி வாங்குங்கள். நிறம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. விரிசல் இருக்கக் கூடாது, கேஸ்கெட் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர்) உட்காரும் பள்ளத்தில் கீறல் இருக்கக் கூடாது, ஸ்டட் துளைகள் வளைந்திருக்கக் கூடாது. நான் 150 டாலர் கொடுத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. டைப் ஆர் போன்ற காரை நாளைக்கு விற்கும்போது தொழிற்சாலையில் பூசிய மூலக் கவர் கையில் இருப்பது உங்களுக்கு நல்லது. அதைத் தொடாமல் வைத்துவிட்டு, வாங்கியதில் கை வையுங்கள்.

2. எடுத்து வைக்க வேண்டிய காகிதங்கள்

மூன்று. முதலாவது, உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் சிலிண்டர் ஹெட் கவர் பற்றிய பக்கங்கள். நட்டுகளை எந்த வரிசையில் தளர்த்துவது, எவ்வளவு டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்குவது, பசை போன்ற லிக்விட் கேஸ்கெட்டை எங்கே வைப்பது என்று அதில் படத்தோடு இருக்கும். அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெயின்ட்டுக்கும் பெயின்ட் நீக்கிக்கும் உரிய பாதுகாப்புத் தரவுத் தாள். தயாரிப்பாளரின் தளத்திலேயே கிடைக்கும். 16 பகுதிகள் இருக்கும், எல்லாம் வேண்டாம். என்ன ஆபத்து என்பது 2ஆம் பகுதியில் இருக்கிறது. எந்த முகமூடி, எந்தக் கையுறை என்பது 8ஆம் பகுதி. மீந்ததை எப்படி அப்புறப்படுத்துவது என்பது 13ஆம் பகுதி. இந்த மூன்றையும் கட்டாயம் படியுங்கள்.

மூன்றாவது, பெயின்ட் கேனின் முதுகில் எழுதியிருப்பது. எத்தனை கோட், இடையில் எத்தனை நிமிடம், எந்த வெப்பநிலை என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்தக் கட்டுரைக்கும் கேனுக்கும் முரண் வந்தால் கேன் சொல்வதைக் கேளுங்கள்.

ஸ்ப்ரே கேன்களைத் தபாலில் வரவழைக்கலாம் என்று நினைக்காதீர்கள். எளிதில் தீப்பிடிக்கும் ஏரோசாலைக் கனடா போஸ்ட் ஏற்பதில்லை. எல்லைக்கு அப்பால் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆர்டர் போட்டு நான் இரண்டு வாரத்தை இழந்தேன். நேரில் கடைக்குப் போய் வாங்குங்கள்.

3. செலவும் நாட்களும்

எனக்கு ஆன கணக்கு: பழைய கவர் 150, ரிங்கிள் பெயின்ட் மூன்று கேன் 75, பெயின்ட் நீக்கி 30, பிரைமர் 20, உப்புத்தாள், டேப், தின்னர், பிரஷ் எல்லாம் சேர்ந்து 45, ஆவி வடிகட்டும் முகமூடி 50, 250 வாட் வெப்ப விளக்கு இரண்டு 40, புதிய கேஸ்கெட் செட் 70. மொத்தம் 480. தோற்றுப்போன இரண்டு முயற்சிகளின் செலவை இதில் சேர்க்கவில்லை. முகமூடியும் விளக்கும் ஏற்கெனவே இருந்தால் 400க்குள் முடியும்.

ஒரே ஒரு கேன் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கு சிலிண்டர் கவருக்கு ஒன்றரைக் கேன் போகும், சோதனைத் துண்டுக்குப் பாதி வேண்டும். நடுவில் தீர்ந்து கடைக்கு ஓடினால் அந்தக் கவர் அவ்வளவுதான்.

நாட்கள்: பெயின்ட் உரிக்க இரண்டு மாலை, எண்ணெய் போகச் சுடுவதற்கு ஒரு நாள், பிரைமர் காய ஒரு நாள், பெயின்ட் அடிக்க ஒரு மணி நேரம், முழுதாக இறுக ஒரு வாரம். ஆகப் பதினொரு நாள். பெயின்ட் அடிக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற எல்லா நாளும்.

4. அலுமினியமா, மெக்னீசியமா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் ஊற்றாதீர்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் எடையைக் குறைக்க மெக்னீசியக் கவர் போடுவது உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கவரின் உட்புறம் யார் கண்ணிலும் படாத மூலையில் சிறிதாகச் சுரண்டி, ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். பொசுபொசுவென்று நுரைத்தால் மெக்னீசியம். சும்மா இருந்தால் அலுமினியம். உடனே தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள்.

மெக்னீசியத்தை அமிலம் அரிக்கும். வீல் கிளீனர், துரு நீக்கி, அமிலம் கலந்த எட்ச் பிரைமர் மூன்றும் ஆகாது. அலுமினியத்தைக் காரம் அரிக்கும். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஓவன் கிளீனர் அடிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அதில் காஸ்டிக் சோடா இருந்தால் உலோகம் கறுத்துக் குழி விழும். மெக்னீசியத்தை கிரைண்டரில் வைத்துத் தேய்க்கவே கூடாது. அந்தப் பொடி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும்.

5. மணல் அடிக்கக் கொடுக்காதீர்கள்

எனக்கு அதிகம் வலித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெயின்ட்டை உரிக்க அலுப்பாக இருக்கிறது என்று முதல் கவரை ஒரு கடையில் கொடுத்தேன். மணலுக்குப் பதில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடித்துப் பெயின்ட்டை எடுப்பார்கள். பளபளவென்று வந்தது. வீட்டில் கவிழ்த்துத் தட்டினால் பொலபொலவென்று கண்ணாடித் துகள் கொட்டியது. கழுவினேன், காற்று அடித்தேன், மறுநாள் தட்டினால் மறுபடியும் கொட்டியது.

காரணம், கவரின் உள்பக்கம் ஒரு தகடு மூடியிருக்கும். எஞ்சினுக்குள் எழும் ஆவியிலிருந்து எண்ணெயைப் பிரித்து வடிய விடும் அறை அது. அதற்குள் நுழைந்த துகள் லேசில் வெளியே வராது. எஞ்சின் சூடாகி எண்ணெய் தெறிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டு இறங்கும், பேரிங்குக்குப் போகும். நிமிடத்துக்கு 8,400 சுற்று வரை போகிற எஞ்சினுக்குள் கண்ணாடிப் பொடி என்பதை நினைத்தாலே பயமாக இருந்தது. அந்தக் கவரை நான் பூட்டவே இல்லை.

தகடு திருகில் நிற்கிறது, கழற்றி உள்ளே முழுதாகச் சுத்தம் செய்யலாம் என்றால் மட்டும் மணல் அடிப்பதை யோசிக்கலாம். ரிவெட்டில் நின்றால் வேண்டவே வேண்டாம்.

6. பழைய பெயின்ட்டை உரித்தல்

பழைய சுருக்கத்தின் மேலேயே புதிதாக அடிக்க முடியாது. பள்ளங்களுக்குள் எண்ணெய் குடியிருக்கும், மேட்டில் சுருக்கம் விழாது. உலோகம் தெரியும்வரை உரித்தே ஆக வேண்டும்.

முதலில் டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி) போட்டு நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். அலுமினியத்துக்கு ஆகும் என்று எழுதியிருக்கும் பெயின்ட் நீக்கியைத் தடிமனாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள். இது முக்கியம், மூடாவிட்டால் காய்ந்துபோய் வேலை செய்யாது. இப்போது வரும் நீக்கிகள் பல மெதுவாகத்தான் வேலை செய்கின்றன. அரை மணி நேரம் விட்டு, நைலான் பிரஷால் தேய்த்து, மறுபடி பூசுங்கள். எனக்கு நான்கு சுற்று ஆனது. மூலைகளுக்குப் பித்தளைக் கம்பி பிரஷ் போதும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம்.

உலோகம் தெரிந்தபின் 180 நம்பர் உப்புத்தாளால் கைபோன போக்கில் தேயுங்கள். பெயின்ட் பிடித்துக்கொள்ள அந்தக் கீறல்கள் வேண்டும். உரித்த குழம்பைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், ஒரு பழைய டப்பாவில் சேர்த்து மூடி வையுங்கள்.

7. உலோகத்துக்குள் இருக்கும் எண்ணெயை வெளியேற்றுதல்

என் இரண்டாவது முயற்சி உரிந்து விழுந்தது இந்தப் படியைத் தாண்டியதால்தான். வார்ப்பு உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். இருபது வருடம் சூடான எண்ணெய் பட்டதில் அது உள்ளே ஊறியிருக்கும். மேலே எவ்வளவு துடைத்தாலும் தெரியாது. பெயின்ட் அடித்து எஞ்சின் சூடானதும் வியர்வை மாதிரி வெளியே வந்து பெயின்ட்டைத் தள்ளிவிடும்.

ஆகவே பெயின்ட்டுக்கு முன்னால் கவரைச் சுட வேண்டும். சமையலறை ஓவனில் வைக்காதீர்கள், நாளைக்கு அதில் சாப்பாடு செய்ய வேண்டும். சின்ன டோஸ்டர் ஓவன் வாங்கலாம் என்று நினைத்தால், கவர் கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளம், உள்ளே போகாது. நான் பின்கட்டில் இருக்கும் பார்பிக்யூ அடுப்பைப் பயன்படுத்தினேன். ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, பற்றவைக்காத பக்கத்தில் ஒரு தட்டின் மேல் கவரை வைத்து மூடினேன். 120 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம். எடுத்துப் பார்த்தால் சுத்தமாக இருந்த இடத்தில் மஞ்சள் கறை பூத்திருந்தது. ஆறவிட்டு அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தேன். இரண்டாவது முறை சுட்டேன், கறை குறைந்தது. மூன்றாவது முறை துணி வெள்ளையாகவே இருந்தது. அதுவரை நிறுத்தாதீர்கள்.

அசிட்டோன் தொட்ட துணியையும் கேனையும் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கவர் கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே துடைக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் இந்த வேலைக்கு வேண்டாம், மிச்சம் இருந்து சூடுபட்டால் நச்சுப்புகை வரும்.

8. மறைக்க வேண்டிய இடங்கள்

கேஸ்கெட் உட்காரும் பள்ளம், ஸ்பார்க் பிளக் குழாய் சீல் உட்காரும் வளையம், நட்டுகளின் ரப்பர் வாஷர் உட்காரும் மேடை, எண்ணெய் மூடியின் மரை. இவற்றில் பெயின்ட் பட்டால் எண்ணெய் கசியும், அல்லது இறுக்கிய டார்க் பொய்யாகிவிடும்.

பலரும் மறப்பது எர்த் ஒயர். என் காரில் வால்வ் கவரிலிருந்து ஒரு ஒயர் பாடிக்குப் போகிறது. அது தொடும் இடத்தில் வெறும் உலோகம் இருக்க வேண்டும். கழற்றும்போது எது எங்கே பூட்டியிருக்கிறது என்று போட்டோ எடுத்துவிடுங்கள், எங்கெங்கே டேப் ஒட்டுவது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மேடாக இருக்கும் எழுத்துகளுக்கு டேப் ஒட்டிச் சிரமப்பட வேண்டாம். மேலேயே அடித்துவிட்டு, முழுதாக இறுகியபின் தேய்த்து எடுப்பதுதான் சுத்தமாக வரும்.

அப்புறம் பிரைமர். அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் ஒரு மெல்லிய கோட், மெக்னீசியத்துக்கு எப்பாக்ஸி பிரைமர். மேலே போகும் பெயின்ட்டோடு ஒத்துப்போகுமா என்று இரண்டு லேபிளையும் பாருங்கள். ஒரு நாள் முழுதாகக் காயட்டும். ரிங்கிள் பெயின்ட்டில் கரைப்பான் அதிகம், அரைகுறையாகக் காய்ந்த பிரைமரை அது கிளப்பிவிடும்.

9. சோதனைத் துண்டு

சூடான பாலின் மேல் ஆடை படிந்து சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பெயின்ட்டும் அப்படித்தான். மேல்தோல் முதலில் காய்கிறது, அடியில் இன்னும் ஈரம் இருக்கிறது, அந்தத் தோல் இழுபட்டுச் சுருங்குகிறது. ஆகவே அடியில் போதிய ஈரம், அதாவது தடிமன் இருந்தால்தான் சுருக்கம் விழும். தடிமன் கூடினால் சுருக்கம் பெரிதாகும். சூடு கூடினால் சீக்கிரம் விழும், நெருக்கமாகவும் விழும். ஓரிடத்தில் மெல்லியதாகவும் ஓரிடத்தில் தடிமனாகவும் அடித்தால் ஒரே கவரில் இரண்டு விதம் வரும்.

மற்ற ஸ்ப்ரே பெயின்ட்டுக்கெல்லாம் மெல்லிய கோட்டாக அடி என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே விட வேண்டும். என் முதல் தோல்விக்கு அதுதான் காரணம். அதோடு, அக்டோபர் மாதக் குளிரில் 12 டிகிரி கராஜில் அடித்தேன். மெல்லிய கோட்டும் குளிரும் சேர்ந்தால் வழவழப்பான சிவப்புப் பெயின்ட்தான் கிடைக்கும்.

ஒரு பழைய பேக்கிங் தட்டை எடுத்துக் கவருக்குச் செய்த அதே தேய்ப்பு, அதே பிரைமர், அதே கோட்டுகளை அதில் செய்து பாருங்கள். பிடித்த சுருக்கம் வந்த பிறகு கவருக்குப் போங்கள்.

10. அடிக்கும் நாள்

கராஜ் 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஈரப்பதம் அதிகமுள்ள மழை நாள் வேண்டாம். கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டரோ அணையாமல் எரியும் பைலட் சுடரோ இருந்தால் அங்கே அடிக்கவே கூடாது. கதவைத் திறந்து வையுங்கள். முகமூடி என்றால் கரிம ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ளது. துணி முகமூடியும் தூசு முகமூடியும் ஆவியைத் தடுக்காது.

கவரும் கேனும் கராஜிலேயே முந்தின இரவிலிருந்து இருக்கட்டும். கேனைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைக்கலாம், சூடான தண்ணீரில் கூடாது. உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்தபின் இரண்டு நிமிடம் குலுக்குங்கள்.

நான் அடித்தது வி.எச்.டி. கம்பெனியின் ரிங்கிள் பிளஸ், சிவப்பு. சுமார் 177 டிகிரி வரை தாங்கும் என்கிறார்கள். வால்வ் கவருக்கு அது போதும், எக்ஸாஸ்ட் மூடிக்குப் போதாது. முதலில் பக்கச் சுவர்களும் மூலைகளும், பிறகு மேற்பரப்பு. முதல் கோட் இடமிருந்து வலமாக. ஐந்து நிமிடம் விட்டு இரண்டாவது கோட் மேலிருந்து கீழாக. மீண்டும் ஐந்து நிமிடம் விட்டு மூன்றாவது குறுக்காக. ஒவ்வொன்றும் ஈரமாக, கனமாக, வழிவதற்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம்.

கவரைத் தொங்கவிடாமல் படுக்கை வசத்தில் வையுங்கள். சற்று உயரமான கட்டையின் மேல் வைத்து நீங்கள் சுற்றி வந்து அடியுங்கள். பக்கச் சுவர்களில்தான் பெயின்ட் மெல்லியதாகிச் சுருக்கம் விழாமல் போகும். அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

11. சூடு

மூன்றாவது கோட் முடிந்து பதினைந்து இருபது நிமிடம் காற்றில் ஆவி போகட்டும். பிறகு இரண்டு வெப்ப விளக்குகளையும் இரு பக்கத்திலிருந்து அரை மீட்டர் தூரத்தில் வைத்து ஏற்றினேன். பத்து நிமிடத்தில் ஓரத்திலிருந்து சுருக்கம் ஊர்ந்து வர ஆரம்பித்தது. வராத பக்கத்துக்கு விளக்கை மெதுவாக நகர்த்தினேன். ஹேர் டிரையரும் உதவும், ஆனால் கிட்டே வைத்து ஊதினால் பெயின்ட் அலையடித்து ஒதுங்கும். ஈரப் பெயின்ட்டோடு கவரை அடுப்புக்குள் வைப்பதை நினைக்கவே வேண்டாம், கரைப்பான் ஆவி தீப்பிடிக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் சுருக்கம் விழவில்லை என்று மறுநாள் அங்கே மட்டும் அடித்து ஒட்டுப்போட முடியாது. ஓரம் தெரியும், சில சமயம் அடிப் பெயின்ட்டும் கிளம்பும். உரித்துவிட்டு முதலிலிருந்து வருவதுதான் வழி. ஆகவே முதல் ஒரு மணி நேரம் அங்கேயே நில்லுங்கள்.

மாஸ்கிங் டேப்பைப் பெயின்ட் கொஞ்சம் மென்மையாக இருக்கும்போதே உரித்துவிடுங்கள். பிறகு ஒரு வாரம் தொடாதீர்கள். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், நகத்தால் அழுத்தினால் பதியும்.

வாரம் கழித்து, தட்டையான மரக்கட்டையில் 220 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி எழுத்துகளின் மேல் மட்டும் ஒரே திசையில் தேயுங்கள். பிறகு 400. வெறும் விரலால் தேய்த்தால் எழுத்தைச் சுற்றியுள்ள பெயின்ட்டும் போய்விடும்.

12. கழற்றிப் பூட்டுதல்

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பிளக் ஒயர்களுக்கு எண் எழுதி ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். நட்டுகளை வெளியிலிருந்து உள்ளே, குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பழைய கவர் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் திருப்புளியை விட்டு நெம்பாதீர்கள், ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும். திறந்திருக்கும் கேம் ஷாஃப்ட் மேல் சுத்தமான துணியை உடனே போட்டு மூடுங்கள்.

கேஸ்கெட், பிளக் குழாய் சீல், ரப்பர் வாஷர் எல்லாம் புதியவை. பழையதை மறுபடி போட்டு எண்ணெய் கசிந்தால் புதிய பெயின்ட்டின் மேல்தான் வழியும். கேம் ஹோல்டர் வளைவு முடியும் மூலைகளில் மேனுவல் காட்டும் இடங்களில் மட்டும் லிக்விட் கேஸ்கெட் ஒரு சொட்டு. என் எஞ்சினுக்கு டார்க் 9.8 நியூட்டன் மீட்டர். கையால் தோராயமாகப் பார்த்தால் மிகவும் குறைவாகத் தெரியும், அதனால்தான் பலர் அதிகம் இறுக்கி ஸ்டட்டை முறிக்கிறார்கள். டார்க் ரெஞ்ச்சில் இரண்டு மூன்று சுற்றாக, நடுவிலிருந்து வெளியே இறுக்குங்கள். எர்த் ஒயரைப் பூட்ட மறக்காதீர்கள்.

லிக்விட் கேஸ்கெட் பிடிக்க அதன் டியூப்பில் சொல்லும் நேரம் காத்திருந்து எஞ்சினைப் போடுங்கள். முதல் சூட்டில் லேசாகப் பெயின்ட் வாடை வரும், பயப்பட வேண்டாம். அரை மணி ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துக் கவரின் ஓரம் முழுக்கப் பாருங்கள், குறிப்பாகப் பின்பக்க மூலைகளை.

13. மீந்தவை

பெயின்ட் நீக்கிக் குழம்பு, அசிட்டோன் துணி, பாதிக் கேன் எதையும் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். டொராண்டோ நகராட்சியின் டிராப் ஆஃப் டிப்போக்களில் வீட்டு அபாயக் கழிவுகளைப் பெற்றுக்கொள்கிறார்கள். வேறு ஊர் என்றால் நகராட்சித் தளத்தில் பாருங்கள். அசிட்டோன் நனைந்த துணியை விரித்து வெளியே காயவிட்டு, பிறகு மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள்.

காரிலிருந்து கழற்றிய மூலக் கவரைத் துடைத்து, துணியில் சுற்றி, கேஸ்கெட் ரசீதையும் வேலையின் போட்டோக்களையும் ஒரு உறையில் போட்டு அதோடு வைத்துவிடுங்கள். அலமாரியில் ஒரு அடி இடம்தான் பிடிக்கும்.